பன்னத்தாருக்கு ஒரு வண்டில் ஸ்னோ

நோர்வேயில் பனியை அள்ளி எறிந்தவர்கள் எத்தனையோ பேர். அதை வாசல் வாசலாகக் கேட்டு வாங்கிய ஒரே மனிதர் எங்கள் பன்னத்தார்தான்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் தலைநகரின் புறநகரான புருசெத்தில் நாங்கள் ஒரே கட்டடத்தில் இருந்தோம். நான் மூன்றாம் மாடி, அவர் கீழ்த்தளம். பன்னம், அதுதான் பெரணி, அந்தச் செடியைக் கண்டால் சோறு தண்ணி மறப்பார். செடியின் பெயரே அவருக்கும் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

அவருடைய யன்னலுக்கு நேரே, வடக்குப் பக்கம், வெயிலே எட்டிப் பார்க்காத ஒரு துண்டு நிலம். ரோசாவும் வரவில்லை, புல்லும் வரவில்லை. தார் போட்டுக் கார் நிறுத்தலாம் என்றது கட்டடத்தின் நிர்வாகக் குழு. பன்னத்தார் பொங்கிவிட்டார்.

"காட்டுப் பன்னம் வெயிலைக் கேட்டே வளருது? எனக்கு ஒருக்காத் தாங்கோ!"

ஒரு வருடம் தந்தார்கள். நாற்றுக்கடையில் கண்ணாடி வீட்டுக்குள் மினுங்கிய பன்னங்களை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வெளியே குளிரில் கிடந்த சாடிகளுக்கு முன்னால் போய்க் குந்தினார். இவை மைனஸ் இருபதும் தாங்கும் என்றாள் கடைப் பெண்.

"தாங்குமாம். அவ நிண்டு பாத்தவவோ?" என்று என்னைக் கேட்டார்.

கொண்டுவந்து நட்டது யாழ்ப்பாணத்துக் கையல்லவா? வாழைக்குட்டிக்கு அணைப்பதுபோல் கழுத்துவரை மண் அணைத்தார். பன்னத்தின் உயிர் அதன் குருத்தில்; குருத்தை மண் மூடினால் அழுகிவிடும். அத்தனையும் அழுகின.

"பாசத்திலயே கொண்டுபோட்டன், தம்பி."

குழுத் தலைவி பேரித் இரக்கப்பட்டு இன்னும் ஒரு வருடம் தந்தார். அடுத்த வசந்தத்தில் எல்லோரும் கூடிச் செய்கிற துப்புரவு நாளில் உயிர் தெரியாவிட்டால் தார்தான்.

இம்முறை குருத்து வெளியே தெரிய நட்டு, சுற்றிவர இலைச்சருகு பரப்பினார். அந்தக் குளிர்காலம் பார்த்துப் பனி குறைவு. குளிர் மட்டும் குறையவில்லை. பனி மேலே மூடிக் கிடந்தால்தான் குளிர் குருத்துக்கு இறங்காது. "போர்வையில்லாமல் கிடக்குதுகள்" என்று தள்ளுவண்டிலோடு புறப்பட்டார். காரடியில் கிடந்த கொஞ்சப் பனியை வழிக்கிறவர்களிடமெல்லாம் போய் நின்றார்.

"தம்பி, அந்த ஸ்னோவை எறியாதையும். எனக்குத் தாரும்."

தெருவில் உப்புப் போடுவார்களே, அது செடிக்கு ஆகாது. ஆகவே ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். நான் வியர்க்க வியர்க்க அள்ளிக் கொடுத்த வண்டிலை, "உப்புக் கூடிப்போச்சு" என்று குழம்பைத் திருப்புகிற மாதிரித் திருப்பிவிட்டார்.

துப்புரவு நாள் வந்தது. என் மனைவிக்குக் காய்ந்த இலை கண்ணில் பட்டால் கை சும்மா இராது. பன்னத்தின் பழுப்பு ஓலைகளைக் கண்டதும் கத்தரிக்கோலோடு குனிந்தாள். பன்னத்தார் வெள்ளைச் சேட்டோடு செடிகளுக்குக் குறுக்கே படுத்துவிட்டார்.

"அண்ணை, குப்பை! எழும்புங்கோ!"

"முதல்ல என்னை வெட்டும், பிள்ளை!"

அந்தக் கோலத்தில்தான் பேரித் வந்து பார்த்தார். கோப்பிக் குவளையைக் கீழே வைத்து, பாவம், செத்துவிட்டன என்றார்.

பன்னத்தாரின் முகம் சுண்டிப்போனது. மண்டியிட்டு ஓலைகளை விலக்கினார். முதல் செடியில் ஒன்றுமில்லை. அடுத்ததிலும் இல்லை. மூன்றாவதில், பழுப்பு மயிர் போர்த்த சின்னச் சின்னச் சுருள்கள், குட்டி முறுக்குகள் போல.

"பாருங்கோ! முழிச்சிட்டுதுகள்!"

பேரித்தும் சேற்றில் மண்டியிட்டார். என் மனைவி கத்தரிக்கோலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். தார் வரவேயில்லை. அடுத்த குளிருக்கு முதல் வண்டில் பனி தள்ளிக்கொண்டு வந்தவரே பேரித்தான்.

பிறகு பன்னத்தார் மகளோடு இருக்க மோர்டென்ஸ்ருட் போய்விட்டார். முதல் பனி விழுந்ததும் என் தொலைபேசி அடிக்கும்.

"மூடினனீரோ?"

"ஓம், அண்ணை."

"உப்பு?"

"நாக்கில வச்சுப் பாத்தனான்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. இந்த மனிதருக்காக ஒவ்வொரு குளிருக்கும் நான் பனி தின்கிறேன். அவர் கேட்காவிட்டாலும் தின்பேன்.