படுக்கையில் கிடந்த அப்பாவும் பீடாதிபதியும்

கடிதம் எழுதுவதில் நான் கெட்டிக்காரி என்று ஒரு காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு ஒரு பீடாதிபதியின் அறையில், என் அப்பாவாலேயே முடிவுக்கு வந்தது.

வவுனியாவில் பல்கலைக்கழக இரண்டாம் வருடம். காலபோக நெல் அறுவடைக்கென்று எங்கள் ஊரான முரசுமோட்டைக்குப் போனவள் மூன்று கிழமை திரும்பவில்லை. மழையில் நெல் சாய்ந்துவிட்டது. வயலில் மெஷின் இறங்காது. கையால்தான் அரிவு வெட்டு. நானும் வெட்டினேன். வகுப்பு வரவு குறைந்துபோனது. பீடாதிபதி, அதாவது எங்கள் டீன், பீடச் சபையில் எனக்காகப் பேசாவிட்டால் பரீட்சை எழுத முடியாது, ஒரு வருடம் வீண். (துணைவேந்தர் தூரத்துத் தெய்வம். எங்களுக்குக் கையெழுத்து வைக்கும் தெய்வம் பீடாதிபதிதான்.)

வயல் வேலை என்று எழுத வெட்கமாக இருந்தது. கொழும்புப் பிள்ளைகளுக்கு முன்னால் என் மரியாதை என்னாவது? ஆகவே அப்பாவை நோயாளியாக்கினேன். முதல் பிரதியில் காய்ச்சல். போதாது போலிருந்தது. இரண்டாவதில் இடுப்பு முறிந்தது. மூன்றாவதில் "எழுந்து நடக்க இயலாமல் படுக்கையில் கிடக்கிறார்." வாசித்துப் பார்த்து எனக்கே கண் கலங்கியது.

பீடாதிபதி கண்டிப்பான அம்மையார். கடிதத்தை வாசித்ததும் அவருக்கும் மனம் இளகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றி, "அப்பாவுக்கு இப்ப எப்பிடி?" என்று கேட்டார்.

"இன்னும் எழும்ப ஏலாது மேடம்."

கதவு தட்டப்பட்டது. வெள்ளை வேட்டியும் தோளில் அரை மூடை அரிசியுமாக, மூன்று மாடி ஏறியும் மூச்சு வாங்காமல், அப்பா நின்றார். (பெரிய ஆட்களுக்குப் புது அரிசி கொடுப்பது அவருடைய முறை. நான் பீடாதிபதியைப் பார்க்கப் போவது தெரிந்து, என்னிடம் சொல்லாமல் முதல் பஸ்ஸில் ஏறியிருக்கிறார்.)

"நான் இவளின்ர தேப்பன். புது அரிசி, பொங்கிச் சாப்பிடுங்கோ."

பீடாதிபதி கடிதத்தைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். "எழும்ப ஏலாதவர் நீங்கள்தானோ?"

"ஆர் சொன்னது? ரெண்டு ஏக்கரும் நாங்கள்தான் கையால வெட்டினனாங்கள். இவள் நல்லா வெட்டுவாள். கையைக் காட்டு பிள்ளை."

மேசைக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தேன். இடம் போதாது. கையை நீட்டினேன். விரலில் அரிவாள் பட்ட காயம் இன்னும் ஆறவில்லை.

பீடாதிபதி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என் கடிதத்தை மடித்துத் திருப்பித் தந்தார். ஒரு வெள்ளைத் தாளையும் தந்தார்.

"பொய்க்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன். அரிவு வெட்டுக்கு வைப்பன். நடந்ததை எழுதுங்கோ, சபையில நான் கதைக்கிறன். அரிசியை மட்டும் கொண்டுபோங்கோ, நான் வாங்கக்கூடாது."

கொண்டுவந்த அரிசியை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக அப்பா சம்மதிக்கவில்லை. அதே தோளில் விடுதிக்குச் சுமந்து வந்தார். அன்று முழு விடுதிக்கும் பொங்கல். கொழும்புப் பிள்ளைகள் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார்கள். சபை சம்மதித்தது. பரீட்சை எழுதினேன், பாஸும் பண்ணினேன்.

இப்போதும் அப்பா மூடை தூக்கினால், குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வரும்:

"மெல்ல வையுங்கோ. பீடாதிபதி கண்டால், திரும்பப் போய்ப் படுக்கச் சொல்லுவா."