ஒரு சொட்டும் ஒழுகாது

பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரமாகப் புவனேந்திரன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் எஞ்சின் ஒரே மாதிரிதான் தெரிந்தது. எட்டு வருடத்து ஒயிலும் புழுதியும் சேர்ந்து, விறகடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் போலக் கறுத்துத் தடித்துக் கிடந்தது.

கார் பார்க்க ஆள் வருகிறார் என்று தரகர் காலையில்தான் போன் பண்ணினார். அப்புத்தளைக்காரர், பெயர் ஜஸீல், மூன்று மணிக்குப் பசறைக்கு வந்துவிடுவார் என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் புவனேந்திரன் காலைச் சாப்பாட்டை நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். தரகர் போனை வைக்கும் முன் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார்.

"ஆளு எஞ்சின் விஷயத்துல பெரிய கெட்டிக்காரருங்க. வந்த ஒடனே பொனட்டத்தான் தெறப்பாரு."

இதற்கு முன் இரண்டு பேர் வந்து பார்த்திருந்தார்கள். முதலாமவர் பொனட்டைத் திறந்தார், பார்த்தார், மூடினார், பதுளை பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டு போய்விட்டார். இரண்டாமவர் தேத்தண்ணி குடித்துவிட்டு, தேத்தண்ணி நன்றாக இருப்பதாகச் சொன்னார். காரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இந்தத் தடவை அப்படி விட முடியாது. மறுநாள் காலை பண்டாரவளையிலிருந்து லொறியில் ஆறு தையல் மெஷின்கள் வருகின்றன. புவனேந்திரனின் மனைவி பரிமளம் தையல் வேலை தொடங்கப் போகிறாள். கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டு அவளோடு சேர்ந்துகொள்ளும் ஐந்து பெண்கள் திங்கட்கிழமை எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மெஷின்களைப் போடக்கூடிய ஒரே இடம் வீட்டோடு ஒட்டிய அந்தத் தகரக் கொட்டகைதான். அதில் கார் நின்றது. வெளியே இழுத்து நிறுத்தலாம் என்றால் வாசலுக்கு அப்பால் நேராக வீதி, வீதிக்கு அப்பால் நேராகப் பள்ளம்.

பரிமளம் நான்கு மாதமாக இதற்காகவே ஓடித் திரிந்தவள். அவள் அதிகம் பேசவில்லை. பார்க்க வருகிறவரிடம் ஒயில் ஒழுகுகிறது என்று உள்ளதைச் சொல்லிவிட்டு, வாங்குகிறாரா இல்லையா என்று கேட்டால் என்ன என்று மட்டும் கேட்டாள். உள்ளதைச் சொன்னால் அந்த ஆள் பொனட்டைத் திறக்கக்கூட மாட்டார் என்று புவனேந்திரன் சொல்லிவிட்டார்.

புவனேந்திரன் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் பொதி கட்டும் பகுதியைப் பார்த்துக்கொள்பவர். மற்றவர்கள் ஒட்டிய பையைத் தானும் ஒரு தடவை அமுக்கிப் பார்க்காவிட்டால் அவருக்கு இரவில் தூக்கம் வராது. சும்மா இருக்கத் தெரியாத கை அது. எட்டரை மணிக்கு அந்தக் கை ஒரு போத்தல் மண்ணெண்ணெயையும் பழைய பிரஷ்ஷையும் எடுத்தது.

மண்ணெண்ணெய் பூசித் தேய்த்தார். சவுக்காரத் தூளைக் கரைத்து ஊற்றினார். பிறகு குழாயைத் திறந்து, தண்ணீரைச் சீற விட்டு அடித்தார். கறுப்புக் கறுப்பாக வழிந்து ஓடியது. பத்து மணிக்கு எஞ்சின் வெள்ளிக் குத்துவிளக்கைப் போல மின்னியது. அதன் மேல் ஜப்பான் எழுத்து இருந்ததை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

பெருமையோடு ஸ்டார்ட் பண்ணினார். கார் குளிர் ஜுரம் வந்த ஆளைப் போல நடுங்கியது, இரண்டு தடவை இருமியது, நின்றுவிட்டது.

பிளக் குழிகளுக்குள் தண்ணீர் நின்றது. துணியை முறுக்கி உள்ளே விட்டுத் துடைத்தார். போதவில்லை. பரிமளத்தின் தலைமுடி காய வைக்கும் மெஷினைக் கேட்காமல் எடுத்து வந்து, வயரை ஜன்னல் வழியாக இழுத்து, ஒவ்வொரு குழியாகச் சூடு காட்டினார். அரை மணி நேரத்துக்குப் பிறகு எஞ்சின் ஓடியது. நடுக்கம் இல்லை. ஆனால் முன்பு கேட்காத ஒரு சத்தம் கேட்டது. பன்றிக்குட்டியைக் காதைப் பிடித்துத் தூக்கினால் கத்துமே, அந்தச் சத்தம்.

பழைய அழுக்கு எதையெதையோ அமுக்கி வைத்திருந்திருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. அசைகிற இடம் எல்லாவற்றுக்கும் எண்ணெய் விட வேண்டும் என்று போனில் பார்த்த ஒரு வீடியோவில் சொல்லியிருந்தார்கள். அவர் அசைகிற இடங்களைத் தேடினார். பொனட் கீலுக்கு விட்டார். பொனட் கொளுக்கிக்கு விட்டார். எக்ஸிலேட்டர் கேபிளுக்கு விட்டார். கதவுக் கீல் நான்குக்கும் விட்டார். கடைசியில், எல்லாவற்றையும் விட அதிகமாக அசைவது ஃபேன் பெல்ட்தான் என்று கண்டு, அதற்கும் தாராளமாக விட்டார்.

சத்தம் உடனே நின்றது. அவர் மூச்சு விட்டு முடிப்பதற்குள் பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. பெல்ட் வழுக்கிக்கொண்டு தன் பாட்டுக்கு நின்றது. அதற்குள் இருக்கிற சக்கரம் மட்டும் சுற்றியது. பொனட்டைச் சாத்தினார். எண்ணெயில் ஊறிய கொளுக்கி பிடிக்காமல், பொனட் மெல்ல எழும்பி அவரைப் பார்த்தது.

பரிமளம் வாசலுக்கு வந்து பார்த்தாள். தன் முடி மெஷினைப் பார்த்தாள். உள்ளே போனாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பெல்ட்டை மண்ணெண்ணெயில் துடைத்து, வழுக்காமல் இருக்கத் தையல் சோக்குக் கட்டியால் தேய்த்தார். அதுவும் பரிமளத்துடையதுதான். மூன்று கட்டி தேய்ந்து முடிந்தபோது பெல்ட் பிடித்தது. கொளுக்கியைத் துடைத்துத் துடைத்துப் பொனட்டை இருபது தடவை அடித்துச் சாத்தினார். இருபத்தோராவது தடவை பிடித்தது.

மணி பன்னிரண்டரை. பக்கத்து வீட்டு ஜெயகுமார் த்ரீவீலை நிறுத்திவிட்டு, இத்தனை தடவை என்ன சத்தம் என்று எட்டிப் பார்க்க வந்தான். புவனேந்திரன் பொனட்டைத் திறந்து காட்டினார். பாராட்டுக்குக் காத்திருந்தார்.

ஜெயகுமார் நாடியைத் தடவினான்.

"அண்ணே, முப்பது வருஷத்துக் காரு. எஞ்சின் மட்டும் நேத்துப் பொறந்த மாதிரி இருந்தா, ஒயில் ஒழுகுறத மறைக்கத்தான் கழுவியிருக்காங்கன்னு பாக்குறவனுக்கு ஒடனே வெளங்கிரும். நானா இருந்தா தொட்டும் பாக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு அவன் சாப்பிடப் போய்விட்டான். காலையிலிருந்து கழுவி எடுத்ததை இப்போது திரும்பப் பூச வேண்டும். மூன்று நாளாக மழை. ஊரில் ஒரு பிடி காய்ந்த புழுதி கிடையாது. வீதியோரத்துச் சேற்றை அள்ளி வந்து பார்த்தார். அது சேறாகத்தான் இருந்தது. அடுப்புச் சாம்பலைத் தூவிப் பார்த்தார். கோயிலில் திருநீறு வாங்கிய எஞ்சின் போல இருந்தது. துடைத்தார்.

அப்போதுதான் வீட்டில் இருந்த தேயிலைத் தூள் ஞாபகம் வந்தது. தொழிற்சாலையில் மாதா மாதம் கொடுப்பது, மிக நைசான தூள், இரண்டு கிலோ. நிறம் கச்சிதமாக இருந்தது.

கையால் தூவினால் திட்டுத் திட்டாக விழுந்தது. எனவே ஒரு கடதாசியில் தூளைக் குவித்து, எஞ்சினுக்கு நேரே பிடித்து, முடி மெஷினைப் போட்டு ஊதினார். கொட்டகைக்குள் ஒரு மேகம் எழுந்தது. அவர் தும்மினார். மேகம் இரண்டு மடங்கானது. அது அடங்கியபோது, எண்ணெய் பட்ட இடத்தில் எல்லாம் தூள் பிடித்துக்கொண்டு, எஞ்சின் மேல் கரடித்தோலைப் போர்த்தியது போல் இருந்தது. அவருடைய புருவத்திலும் அப்படித்தான்.

பிரஷ்ஷை எடுத்துத் தட்டினார். மேலே தட்டியது கீழே போய் ஒட்டியது. எஞ்சின் இன்னும் சூடாக இருந்ததால், நல்ல சாயம் இறங்கிய தேத்தண்ணி வாசம் கொட்டகை முழுக்கப் பரவி, வீட்டுக்குள்ளும் போனது. யாருக்குத் தேத்தண்ணி ஊற்றுகிறீர்கள் என்று பரிமளம் உள்ளே இருந்து கேட்டாள்.

எப்படியோ இரண்டே முக்காலுக்கு ஒரு பதத்துக்கு வந்துவிட்டது. தட்டித் தட்டி, துடைத்துத் துடைத்து, கடைசியில் பார்த்தபோது, ஒழுங்காகப் பராமரித்த, வயதுக்குரிய புழுதி படிந்த, கௌரவமான ஓர் எஞ்சினாக அது தெரிந்தது. ஒழுகும் ஒயிலுக்காக எப்போதும் அடியில் கிடக்கும் தகரத் தட்டை எடுத்துக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்தார். முகம் கழுவினார். சட்டை மாற்றினார்.

சரியாக மூன்று மணிக்கு ஒரு வான் வந்து நின்றது. ஜஸீல் ஐம்பது வயதுக்காரர், மெலிந்தவர், சட்டைப் பையில் சின்ன டோர்ச். வானை ஓட்டி வந்தவன் றிஸ்னி, முப்பது வயது இருக்கும். ஜஸீல் தேத்தண்ணி வேண்டாம் என்றார். நேரே காரிடம் போனார். பொனட்டைத் திறந்தார்.

புவனேந்திரன் ஒரு காலில் நின்றார், மறு காலுக்கு மாறினார்.

ஜஸீல் டோர்ச் அடித்துப் பார்த்தார். குனிந்தார். மூக்கை உறிஞ்சினார். தேயிலை வாசம் வருகிறதே என்றார். தான் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்வதாகவும், தொட்டது எல்லாம் அப்படித்தான் மணக்கும் என்றும் புவனேந்திரன் சொன்னார். அது பாதி உண்மை என்பதால் முகத்தைப் பார்த்தே சொல்ல முடிந்தது.

"ஒயில் ஒழுகுமாங்க?"

"கொஞ்சம்..." என்று பரிமளம் வாசலில் இருந்து தொடங்கினாள். ஜஸீல் சட்டென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"கொஞ்சம் தண்ணி சிந்திக் கெடக்கு, அதத்தான் சொல்றாங்க," என்று புவனேந்திரன் குறுக்கே விழுந்தார். "ஒயிலு ஒரு சொட்டும் ஒழுகாது."

ஜஸீலின் முகம் வாடியது. நம்பவில்லை என்று புவனேந்திரனுக்கு விளங்கியது. இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

மேடு ஏறும்போது சூடாகுமா என்று ஜஸீல் கேட்டார். நமுனுகுலை வரைக்கும் ஐந்து பேரோடு ஏறியும் சூடு கூடியதில்லை என்றார் புவனேந்திரன். உண்மையில் பாதி வழியில் ஐந்து பேரும் இறங்கித் தள்ளினார்கள். கியர் இறுகுமா? வெண்ணெய் மாதிரி விழும். பிரேக்? தொட்டால் நிற்கும். காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்குமா? சாவியைக் காட்டினாலே போதும்.

ஒவ்வொரு பதிலுக்கும் ஜஸீலின் முகம் இன்னும் கொஞ்சம் நீண்டது. டோர்ச்சை அணைத்தார். விலையைக் குறைக்க இப்படித்தான் முகத்தை வைத்துக்கொள்வார்கள் என்று புவனேந்திரன் தனக்குத்தானே தைரியம் சொன்னார். ஆனாலும் தாங்க முடியாமல், கேட்காமலே சாவியைப் போட்டுத் திருப்பினார்.

கார் முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. இரண்டு வருடத்தில் ஒரு நாளும் அப்படி ஆனதில்லை. நடுக்கம் இல்லை, சத்தம் இல்லை, புகை இல்லை, சிவப்பு விளக்கு இல்லை. பட்டுத் துணி விரித்தது போல ஓடியது. பரிமளமே வாயைக் கையால் மூடிக்கொண்டாள். ஜஸீல் குனிந்து அடியில் பார்த்தார். தரையில் வெறும் தண்ணீர் ஈரம். ஒரு சொட்டு விழவில்லை. புவனேந்திரனின் கண் கலங்கிவிட்டது.

ஜஸீல் பொனட்டைச் சாத்தினார். அதுவும் ஒரே தடவையில் பிடித்தது.

கொஞ்ச நேரம் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, சாவு வீட்டில் பேசுவது போல மெதுவாகச் சொன்னார்.

"நல்ல வண்டிங்க. இத விக்காதீங்க. நீங்களே வச்சு ஓடுங்க."

அவ்வளவுதான். விலை பேசவில்லை. திரும்பிப் பார்க்காமல் வானில் போய் ஏறிக்கொண்டார்.

புவனேந்திரன் நின்ற இடத்திலேயே நின்றார். என்ன தவறு செய்தோம் என்று காலையிலிருந்து நடந்ததை எல்லாம் நினைத்துப் பார்த்தார். கழுவியது, காய வைத்தது, எண்ணெய் விட்டது, துடைத்தது, தூள் ஊதியது. கடைசியில் எல்லாம் சரியாகத்தானே வந்தது. காருக்குள் எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, அவரைக் கேலி செய்வது போல, துளி பிசகாமல். பரிமளம் கொட்டகையின் நீளத்தைக் கண்ணால் அளந்துகொண்டு, ஆறு மெஷின்களையும் அடுக்களையில் எப்படிப் போடுவது என்று யோசிக்கத் தொடங்கியிருந்தாள்.

றிஸ்னி வானுக்குப் போகத் திரும்பியவன், அவர் நின்ற நிலையைப் பார்த்து மனம் கேட்காமல் பக்கத்தில் வந்தான்.

"கவலப்படாதீங்க அண்ணே, உங்க வண்டியில ஒரு கொறையும் இல்ல, அதுதான் பெரச்சின. ஜஸீல் மாஸ்டர்கிட்ட மெக்கானிக் வேல படிக்கிற பிள்ளைங்க கழட்டிப் பழகுறதுக்கு, எல்லாப் பழுதும் உள்ள காரு ஒண்ணு, என்ன வெல சொன்னாலும் குடுத்து எடுக்கலாம்ன்னு மூணு மாசமாத் தேடுறோம்."