ஏழு பேரும் பாய்ந்த ஆட்டம்

தொடையைத் தட்டுகிறவனைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கபடி ஆடுகிறவன் தட்டினாலும் சரி, கொசு கடித்துத் தட்டினாலும் சரி. தப்பு முழுக்க என்னுடையதுதான், தெரியும். தெரிந்தால் கோபம் போய்விடுமா என்ன?

தொண்ணூறுகளின் நடுவில் சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் ஊர்க் கபடி அணிக்கு நான்தான் கேப்டன். இடது மூலையில் நிற்பேன். கபடி பாடி வருகிறவனின் கணுக்கால் என் கையில் சிக்கினால் விடமாட்டேன். (வாழ்க்கையில் உருப்படியாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.) அந்தப் பங்குனியில், அறுவடை முடிந்த வயலில் நடக்கும் இறுதி ஆட்டத்துக்கு ஒரு நூற்பாலை அணியிலிருந்து ஆள் எடுக்க வருவதாகச் சொன்னார்கள். ஒரே ஓர் இடம். கிடைத்தால் மில்லில் நிரந்தர வேலை. மூன்று வருஷமாக வீட்டில் தண்டச்சோறு என்று பேர் வாங்கியிருந்த எனக்கு வேறு வழியே இல்லை.

பேசாமல் மூலையில் நின்றிருக்கலாம். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்குக் கேபிள் வந்து தொலைத்தது. அதில் அமெரிக்கக் கால்பந்து என்று ஒன்று காட்டினார்கள். பேர்தான் கால்பந்து, பந்து எந்நேரமும் கையில்தான். ஒருவன் அதை எறியப் பின்வாங்குவான். எதிரே வரிசையாகக் குனிந்து நிற்கும் தடியன்கள், அவன் எறிவதற்குள் பாய்ந்து அமுக்குவார்கள். சிலசமயம் நாலு பேர் வருவார்கள். சிலசமயம் வருவதுபோல் போக்குக் காட்டிவிட்டுப் பின்னால் போவார்கள். சிலசமயம் பின்னால் காவல் நிற்கிறவனும் சேர்ந்து ஓடிவருவான். எறிகிறவன் திருதிருவென்று முழிப்பான். எனக்குப் புல்லரித்துவிட்டது. (ஆட்களை அள்ளி முன்னால் அனுப்பினால் பின்பக்கம் காலி, அதனால் எப்போதாவதுதான் அப்படிச் செய்வார்கள் என்று வர்ணனைக்காரன் சொல்லியிருப்பான். எனக்குத்தான் ஆங்கிலம் அரைகுறையாயிற்றே.)

நோட்டில் படம் போட்டுத் திட்டம் வகுத்தேன். ஏழு பேரும் முன்னால் வந்து வரிசையாகக் குனிந்து நிற்க வேண்டும். தலையைத் தூக்கக் கூடாது. நான் தொடையை இரண்டு தட்டு தட்டுவேன். சத்தம் கேட்டதும் எல்லோரும் பாய வேண்டும். வலது மூலையில் நிற்கும் சுடலைக்கு இது பிடிக்கவில்லை.

"ஏலே, பாடி வாரவனுக்கு வேண்டியதே நம்மளத் தொடுததுதான். நாமளே போயி அவன் மேல விழவா?" என்றான்.

கிணற்றுத் தவளை என்று அவனைத் திட்டி வாயை அடைத்தேன்.

இறுதி ஆட்டத்தில் மூன்று புள்ளி முன்னால் இருந்தோம். எதிரணியில் கடைசியாகப் பாடி வர வேண்டியவன் ராதாபுரத்து இசக்கி, ஒல்லிக்குச்சி. ஆள் எடுக்க வந்திருந்த மில் அண்ணாச்சி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இதுதான் நேரம் என்று எல்லோரையும் குனிய வைத்தேன். இசக்கி நடுக்கோட்டைத் தாண்டி ஓரடி வைத்தான். பாடி வருகிற எவனும் செய்வதைத்தான் அவனும் செய்தான். தொடையை இரண்டு தட்டு தட்டினான்.

ஆறு பேரும் பாய்ந்தார்கள். அட பாவிகளா என்று கத்திக்கொண்டு அவர்களைப் பிடித்து இழுக்கப் போன நானும் ஏழாவதாக மேலே விழுந்தேன். கனம் தாங்காமல் இசக்கி மல்லாக்கச் சரிந்தான். அவன் கை நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. ஏழு பேரும் அவுட். மொத்த அணியும் போனதற்கு அவர்களுக்கு இன்னும் இரண்டு புள்ளி. ஆட்டமும் போயிற்று. நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார்.

சுடலையைத் திட்டினேன், நடுவரைத் திட்டினேன், கேபிள்காரனின் குலத்தையே திட்டினேன். அப்போது மில் அண்ணாச்சி வந்தார்.

"நல்லாத்தான் பிடிக்கீரு வே. அந்த மூலையிலயே நின்னிருந்தீருன்னா உம்மத்தான் கூட்டிட்டுப் போயிருப்பேன்" என்று பைய சொல்லிவிட்டு, இசக்கியிடம் விலாசம் கேட்கப் போனார்.

இரண்டு வருஷம் கழித்து அதே இசக்கி என் தங்கை செல்வியைப் பெண் கேட்டு வந்தான். மில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை என்று அப்பாவுக்கு வாயெல்லாம் பல். அது என் வேலை என்று கத்திப் பார்த்தேன். ஒருத்தர் காதிலும் விழவில்லை.

இப்போதும் விருந்துக்கு வந்தால் வாசற்படியில் நின்று தொடையை இரண்டு தட்டு தட்டுவான். பிள்ளைகள், பெரியவர்கள் என்று வீடே ஓடிப்போய் அவன் மேல் விழும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தால், அடுப்படியிலிருந்து செல்வி சொல்வாள்: "அண்ணே, நீ மூலையிலயே நில்லு."