பன்னிரண்டு ஓடுகளும் நாலு கூட்டங்களும்

களஞ்சியத்தின் பன்னிரண்டு ஓடுகள் உடைந்தது எப்படி என்ற ஒரே ஒரு விடயத்தைப் பேசி முடிக்க முகாமையாளர் நமசிவாயம் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார். அதில் பன்னிரண்டு நிமிடம், வந்தவர்களுக்குக் கதிரை தேடுவதில் போய்விட்டது.

வட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கக் கிளை அது. நமசிவாயம் போன கிழமைதான் கொழும்பில் மூன்று நாள் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்தார். கூட்டங்களைப் பயனுள்ள முறையில் நடத்துவது எப்படி என்பது பயிற்சி. அந்த மூன்று நாளும் ஒரு வகுப்பாவது நேரத்துக்குத் தொடங்கவில்லை என்பது வேறு விடயம். ரோணியோ இயந்திரத்தில் அடித்த இருபத்துநாலு பக்கப் புத்தகம் ஒன்று கொடுத்திருந்தார்கள். அதற்குத் திருநீறு பூசாத குறையாக அவர் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்.

"வெள்ளிக்கிழமை பரிசோதகர் வாறார். பன்னிரண்டு ஓடு உடைஞ்சிட்டுது எண்டு நான் ஏற்கெனவே கடிதம் போட்டிட்டன்," என்றார் நமசிவாயம். "அதுக்கிடையிலை பொறுப்பான ஆளின்ரை பேரோடை தீர்மானம் ஒண்டு வேணும். ஆரெண்டாலும் சரி, வேலையாலை நிப்பாட்டச் சொல்லி நானே கையெழுத்து வைப்பன்."

வாசலில் நின்ற காவல்காரர் முத்துக்குமாரு தலையைக் குனிந்துகொண்டார். அறுபதை நெருங்கிய மனிதர். இந்தச் சம்பளத்தை விட்டால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை.

நமசிவாயத்துக்கு அதெல்லாம் யோசிக்க நேரமில்லை. பரிசோதகர் மனம் வைத்தால் யாழ்ப்பாணத்துத் தலைமைக் காரியாலயத்தில் பதவி. மின்விசிறிக்குக் கீழே மேசை.

சங்கக் குழுவில் மூத்தவரான புகையிலைத் தோட்டக்காரர் பரமலிங்கம் மெல்ல எழும்பினார்.

"தம்பி மனேச்சர், ஓடு உடைஞ்ச கதைக்குப் பேந்து வருவம். முதல்லை இந்தக் கூரைக்கு ஓடு வந்தது எப்பிடியெண்டு சபைக்குத் தெரியவேணும்."

"அது தேவையில்லை அண்ணை."

"தேவையில்லையோ? அத்திவாரத்துக்குக் கல்லு ஏத்தின வண்டில் என்ரை அப்புவின்ரை வண்டில் தம்பி."

பரமலிங்கத்தின் கதையில் வண்டில் கல்லுண்டாய் வெளியைத் தாண்டுவதற்குள் தேத்தண்ணி வந்துவிட்டது. சுவர் அரைவாசி எழும்பும்போது, ஒட்டியிருந்த களஞ்சியத்தின் கூரையில் 'டக், டக், டக்' என்று ஏதோ சத்தம் கேட்டது.

"என்ன சத்தம்?" நமசிவாயம் நிமிர்ந்து பார்த்தார்.

"அது முருங்கையிலை இருந்து காகம் இறங்குது," என்ற பரமலிங்கம், குரலை இன்னும் உயர்த்திக்கொண்டு சுண்ணாம்பு எங்கே வாங்கினார்கள் என்பதற்குப் போனார்.

பதினைந்து நிமிடக் கூட்டம் ஒன்றேமுக்கால் மணித்தியாலத்தில் தீர்மானம் இல்லாமல் கலைந்தது.

அன்றிரவு நமசிவாயம் புத்தகத்தின் ஆறாம் பக்கத்தைப் படித்தார். நிகழ்ச்சிநிரல் இல்லாத கூட்டம் கூட்டமே அல்ல என்று அங்கே எழுதியிருந்தது. செவ்வாய்க்கிழமை எல்லோர் கையிலும் நிகழ்ச்சிநிரல் இருந்தது. ஒரே ஒரு விடயம்: ஓடு.

பரமலிங்கம் கண்ணாடியைத் துடைத்து, போட்டு, வாசித்து, மறுபடியும் துடைத்தார்.

"வலு திறம், தம்பி. ஆனா ஒரு சந்தேகம். இந்த நிரலைச் சபை ஏற்குதோ இல்லையோ எண்டு கேக்கிற விடயம் நிரலிலை இல்லையே?"

"ஏற்கிறம் எண்டு வையுங்கோவன் அண்ணை!"

"அப்பிடி வைக்கலாமோ? நாளைக்கு ஆரும் கேட்டால்? எழுதும் காணும் இளையதம்பி, எழுதும்."

கிளாக்கர் இளையதம்பி எழுதினார். எழுதியது போதாதென்று வாசித்தும் காட்டினார். வாசித்ததில் பிழை திருத்தினார்கள். கூரையில் மூன்று தரம் காகம் நடந்தது. நேரம் போய்விட்டது.

மத்தியானம் வீட்டில் கத்தரிக்காய்க் கறி.

"முருங்கைக்காய் எங்கை?" என்றார் நமசிவாயம். அது இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை. சாப்பாட்டு விடயத்தில் அவர் கூட்டம் வைப்பதில்லை.

"இந்தக் கிழமை கிடைக்கேல்லை," என்றாள் மனைவி ஞானாம்பிகை. "உங்கடை கூட்டம் முடிஞ்சுதோ?"

"வாயை மூடும். சாமியறை மணியை எடுத்துத் தாரும்."

பதினோராம் பக்கத்தின்படி, ஒருவருக்கு இரண்டு நிமிடம்தான். முடிந்ததும் மணி. புதன்கிழமை பரமலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு எழும்பியதும் நமசிவாயம் மணிக்கூட்டைப் பார்த்தபடி காத்திருந்தார். இரண்டாம் நிமிடம் முடிந்தது. கணகணவென்று அடித்தார்.

பரமலிங்கம் பேச்சை நிறுத்தினார். கண்ணை மூடினார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கூப்பினார். குழு முழுவதும் எழும்பிக் கைகூப்பியது. இளையதம்பி செருப்பைக் கழற்றினார். மணியடித்த முகாமையாளரின் கைகூட, அவரைக் கேட்காமலே, மணியோடு சேர்ந்து மேலே போய்விட்டது. பரமலிங்கம் பதிகம் ஒன்றை எடுத்தார். பதினொரு பாட்டையும் நிதானமாகப் பாடி முடித்தார். நடுவிலே நிறுத்து என்று சொல்ல எந்தச் சைவனுக்கு வாய் வரும்? கூரையிலிருந்த காகமும் தாளம் தப்பாமல் 'டக், டக், டக்' என்றது.

"மனதுக்கு நிம்மதியாயிருக்கு தம்பி," என்று கண்ணைத் துடைத்தார் பரமலிங்கம். "இப்பிடியொரு கூட்டம் இதுவரை நடந்ததில்லை. திருநீறு இருக்கோ?"

வியாழக்கிழமை கதிரைகள் ஒன்றும் இல்லை. நிற்பவர்கள் நீட்டிக் கதைக்கமாட்டார்கள் என்று பதினெட்டாம் பக்கம் சத்தியம் செய்திருந்தது. ஐந்து நிமிடம் எல்லோரும் நின்றார்கள். பிறகு பரமலிங்கம், "கால் உளையுது," என்று சால்வையை விரித்துச் சம்மணம் கட்டி நிலத்தில் இருந்தார். மற்றவர்களும் இருந்தார்கள். யாரோ வெற்றிலைத் தட்டத்தை நடுவில் தள்ளினார்கள். சம்மணம் கட்டி இருந்துவிட்ட எங்கள் ஆட்களை எழுப்புவதற்கு இருபத்துநாலு பக்கத்திலும் வழி சொல்லப்படவில்லை. மூன்று மணித்தியாலம் நமசிவாயம் ஒருவர்தான் நின்றுகொண்டிருந்தார்.

இந்த நாலு நாளில் உடைந்த ஓடுகளை ஒருதரம் போய்ப் பார்க்கத்தான் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பரிசோதகர் வந்தார். இளையதம்பி எழுதிய நாற்பத்திரண்டு பக்கக் கூட்டறிக்கையைப் புரட்டினார். களஞ்சியத்துக்குள் போய் அண்ணாந்து பார்த்தார். வெளியே வந்து சுற்றிப் பார்த்தார்.

"மிஸ்டர் நமசிவாயம், உடைஞ்ச ஓடு எங்கை?"

நமசிவாயமும் அண்ணாந்தார். பன்னிரண்டு ஓடும் ஒழுங்காக இருந்தன. கொஞ்சம் பழைய நிறம், அவ்வளவுதான். பொய்க்கடிதம் எழுதிய குற்றத்துக்கு என்ன தண்டனை என்று அவர் மனம் கணக்குப் போட்டது.

பரிசோதகர் மறுபடியும் அறிக்கையைப் பார்த்தார்.

"நாலு கூட்டம். ஒரு தீர்மானமும் இல்லை. ஆனா வேலை முடிஞ்சு போச்சு. சங்கத்துக்கு ஒரு சதமும் செலவில்லை." அவர் நமசிவாயத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கூட்டம் நடத்துறதைப் பற்றி அடுத்த மாதம் மற்ற முகாமையாளர்களுக்கு நீங்கள்தான் வகுப்பு எடுக்கவேணும்."

கார் போனதும் நமசிவாயம் முத்துக்குமாருவைக் களஞ்சியத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"உண்மையைச் சொல்லும். ஓடு மாத்தினது ஆர்?"

"நான்தான் ஐயா. பரமலிங்க அண்ணையின்ரை பழைய மாட்டுக்கொட்டில் ஓடு. ஒரு கூட்டத்துக்கு மூண்டு ஓடு. மற்ற நேரம் நீங்கள் கூரை தெரியிற யன்னலடியிலை இருப்பியள். ராவிலை எண்டால் எனக்குக் கண் தெரியாதெல்லோ."

நமசிவாயம் கூரையை அண்ணாந்து பார்த்தார். அவருடைய மனம் வேறு எங்கோ போயிருந்தது. அப்படியென்றால் அந்தக் காகம், அந்த வண்டில், அந்தப் பதினொரு பாட்டு! ஓர் ஏழையின் வேலை போகக்கூடாதென்று ஒரு மனிதர் நாலு நாள் தொண்டை வற்றக் கதைத்திருக்கிறார். அதை நினைக்க நமசிவாயத்துக்கு மனம் இளகியது. மன்னித்துவிடலாம் என்று தோன்றியது. மன்னிப்பது சுகமாகவும் இருந்தது.

"சரி, போகட்டும்," என்று முத்துக்குமாருவின் தோளில் தட்டினார். "உடைச்சதும் நீர்தான் எண்டு விளங்குது. உம்மைக் காப்பாத்தத்தானே பரமலிங்க அண்ணை இவ்வளவு பாடுபட்டவர்?"

முத்துக்குமாரு தலையைச் சொறிந்தார்.

"என்னையில்லை ஐயா, உங்களை. உங்கடை வீட்டுக் கறிக்கு முருங்கைக்காய் பிடுங்க, அம்மா சொல்லி நான் கூரையிலை ஏறேக்கைதானே அந்தப் பன்னிரண்டு ஓடும் போனது."