எஞ்சின் தேயக்கூடாது

மனைவியை ஜெயிக்க ஒரே வழி விஞ்ஞானம். இதை நான் எழுபத்தாறாம் வருஷம், ராகலைப் பள்ளிக்கூடத்தில் மாஸ்டராக இருந்தபோது கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த அன்றே அது என் காலை வாரிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை. வட்டவளையில் மச்சான் கஸ்பரின் குழந்தைக்கு ஞானஸ்நானம். எனக்கோ மலைக்குக் கீழே பொல்பிட்டியவில் சீட்டாட்டம். நாலு வாரமாக அந்த அரைவேக்காட்டு றோலண்டிடம் தோற்று மானம் கப்பலேறியிருந்தது. இன்று பழி தீர்த்தே ஆகவேண்டும். என் மனைவி தெரேசாவை மச்சான் வாசலில் இறக்கிவிட்டு, அவளிடம் மூச்சு விடாமல் அப்படியே கீழே பறந்துவிடுவது திட்டம்.

கார் என்றால், சீமைக்குத் திரும்பிய தோட்டத்து வெள்ளைத்தொரை வேண்டாமென்று விட்டுப்போன கார். பெட்ரோல் முள் செத்து இரண்டு வருஷம். தெரேசாதான் டாங்கியில் மூங்கில் குச்சி விட்டு அளப்பாள். அன்றும் அளந்தாள். "தாராளமா இருக்குங்க" என்றாள்.

வழியில் ஆரம்பித்தேன்.

"எஞ்சினை நிப்பாட்டி நிப்பாட்டி ஸ்டார்ட் பண்ணா தேஞ்சு போகும், தெரேசா. ஒங்கண்ணன் வீட்ல நான் எறங்க மாட்டேன். எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கணும்."

"அப்படிங்களா?"

"ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் ஒரு மாச ஆயுசு போகுது."

"ஐயய்யோ! அப்ப நிப்பாட்டாதீங்க."

இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டால் புத்தியுள்ளவன் பயந்திருப்பான். நான் விசிலடித்தேன். அவள் மடியில் பெருத்த பை. ஒரு நாள் போய்வர எதற்கு மூட்டை? பெண்புத்தி என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

வட்டவளை வாசலில் கார் உறுமியபடி நின்றது. கஸ்பர் வந்தான். தேயிலை பெக்டரியில் மெஷின் பார்ப்பவன். எண்ணெய்க்கறை போகாத கையை ஆட்டி எனக்கே பாடம் எடுத்தான்.

"மச்சான், குளிர்ல கெடந்த எஞ்சினை மொத தடவை ஸ்டார்ட் பண்றப்பத்தான் தேயும். சூட்டோட நிப்பாட்டி எடுத்தா ஒண்ணும் ஆகாது. சும்மா ஓடவிட்டாத்தான் பெட்ரோலைக் குடிக்கும்."

"நீ கொழுந்து அரைக்கிற மெஷினைப் பாரு. கார் சமாச்சாரம் எனக்குத் தெரியும்."

இதற்குப் பிறகு எப்படிச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்துவது?

"அவரு எறங்க மாட்டாருண்ணே," என்றாள் தெரேசா. "அதுக்காக மாப்பிள்ளை வாசல் வரைக்கும் வந்து தண்ணி குடிக்காமப் போறதா? எல்லாத்தையும் இங்கயே கொண்டாங்க."

கொண்டுவந்தார்கள். மாமியார் தேத்தண்ணியோடு. சின்ன மாமியார் ரொட்டியோடு. பெரிய மாமியார் கோழிக்கறியோடும், தன் முழங்கால் வலியின் முழு வரலாற்றோடும். மறுத்தால் ஏழு தலைமுறைக்குப் பேசுவார்கள். ஒருவர் நகர்ந்ததும் தெரேசா உள்ளிருந்து அடுத்தவரை அனுப்பினாள். ஆசீர்வதிக்கக் குழந்தையை மடியில் வைத்தார்கள். அது என்னை ஆசீர்வதித்தது. இரண்டு மணி நேரம் ஓடியது. எஞ்சினும் ஓடியது.

பிறகு இரண்டு இருமல். நின்றது.

"பெட்ரோல் தீந்துருச்சு," என்றான் கஸ்பர், பல்லைக் காட்டாமல் சிரித்தபடி. "நாளைக்குச் சாயங்காலம் ஹட்டன் லொறி வந்தாத்தான்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பொல்பிட்டியவில் றோலண்ட் இந்நேரம் சீட்டைக் கலைத்துக்கொண்டிருப்பான்.

"குச்சி விட்டுப் பாத்தியே! தாராளமா இருக்குன்னியே!"

"வட்டவளைக்குத் தாராளங்க. அதுக்கு அங்கிட்டுப் போறதா நீங்க சொல்லவே இல்லையே?"

பையைத் திறந்தாள். உள்ளே ராத்திரி கட்டும் என் சாரம், என் சவர செட், அவள் கையாலேயே எழுதிய திங்கட்கிழமை லீவுக் கடிதம். என் கையெழுத்துதான் பாக்கி.