பக்கெட்டம்மா வீட்டு பக்கெட்

ஒரு வீட்டில் என்ன நடக்கிறது என்பது அந்த வீட்டுக்காரருக்கே தெரிவதற்கு முன்னால், விருத்தாசலத்தில் ஒருவருக்குத் தெரிந்துவிடும். அவர்தான் பக்கெட்டம்மா. உளவுத்துறை இந்த அம்மாளை வேலைக்கு எடுக்காமல் விட்டது நாட்டுக்கே நஷ்டம்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. செராமிக் கம்பெனி ஒன்றில் எனக்குக் கிளார்க் வேலை. பக்கெட்டம்மாவின் லைன் வீட்டில் கடைசி ரூமில் குடியிருந்தேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பிளாஸ்டிக் பக்கெட் இருக்கும். கழனித்தண்ணி, காய்த்தோல், மிஞ்சிய சோறு எல்லாவற்றையும் அதில்தான் கொட்ட வேண்டும். காலையில் அவர் எடுத்துப்போய்த் தன் மாட்டுக்கு வைப்பார்.

இதுவரைக்கும் சரி, எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஆனால் இவர் எடுத்துப் போவதற்கு முன் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்கை வரை கையை விட்டு அலசுவார். அலசி முடித்ததும் தெருக்கோடிக்குக் கேட்கிற குரலில் செய்தி வாசிப்பார். முதல் நாள் பல் தேய்த்துக்கொண்டே இதைக் கேட்ட நான், பிரஷை விழுங்காமல் தப்பித்தது தெய்வச் செயல்.

"ஏம்மா ரெண்டாவது வூடு! ஃப்ரிட்ஜு வாங்குனதுலேர்ந்து ஒங்கூட்டு பக்கெட்டு ரொம்பி வழியுது. முன்னல்லாம் கொழம்பு மிஞ்சுனா பக்கத்து வூட்டுக்குக் குடுப்ப. இப்ப உள்ள வெச்சி ஒரு வாரம் வேடிக்கை பாத்துட்டுக் கொட்டற. எம்மாட்டுக்குச் சளி புடிச்சிருக்குது!"

நாலாவது வீட்டுக்காரர் மங்கலம்பேட்டைக்காரர், துபாயில் வேலை. ஒருமுறை லீவில் வந்தவர், சொந்தக்காரர்கள் சென்ட் பாட்டில் கேட்டு மொய்ப்பார்களே என்று யாருக்கும் சொல்லாமல் இரவோடு இரவாக வந்து படுத்துவிட்டார். விடிந்ததும் பக்கெட்டம்மா வாசலில் நின்று, "நேத்து வரைக்கும் வெறும் ரசம்சோறு, இன்னைக்கி நெய்ச்சோறு மிஞ்சிக் கெடக்குது! வூட்டுக்காரரு வந்துட்டாரா பாப்பா?" என்று முழங்கினார். டீ ஆறுவதற்குள் மங்கலம்பேட்டையே வாசலில் நின்றது. அந்த மனுஷன் என்னைப் பார்த்து, "துபாய் ஏர்போர்ட்லகூட இப்புடி செக் பண்ணலங்க" என்றார்.

எனக்கு மெஸ் சாப்பாடு. அதனால் என் பக்கெட் எப்போதும் காலி. அதற்கும் திட்டுதான். "தம்பி, நீ இங்க குடியிருக்கியா, இல்ல ஒளிஞ்சிருக்கியா?"

இந்த நிலைமையில்தான் மூன்றாவது வீட்டுக்குச் செல்வி வந்தாள். கணவன் குமார் சூளையில் வேலை பார்க்கிறவன். கல்யாணமான புதுசு. செல்விக்குப் பிறந்த ஊர் பெண்ணாடம். பெரியப்பா, சித்தப்பா எல்லோரும் ஒன்றாக இருக்கிற கரும்பு விவசாயக் குடும்பம், போதாததற்குக் கரும்பு வெட்ட வருகிற ஆட்கள் வேறு. அந்த அடுப்பில் பழகிய கை, இரண்டு பேருக்குச் சமைக்க உட்கார்ந்தால் என்ன ஆகும்? மூன்றாவது வீட்டு பக்கெட்டில் சோறு மலையாகக் குவிந்தது.

"எம்மா செல்வி, நீ சோறாக்கறியா, சத்திரம் நடத்தறியா?" என்று பக்கெட்டம்மா தினமும் கத்துவார். கத்திவிட்டு அதையும் மாட்டுக்குத்தான் வைப்பார்.

ஒருநாள் காலையில் மாடு எழுந்திருக்கவில்லை. வயிறு உப்பி, தட்டினால் மேளச் சத்தம் வந்தது. மாட்டு டாக்டர் வந்து மருந்து புகட்டிவிட்டு, "சோத்தை அள்ளி அள்ளி வெச்சா மாடு தாங்குமாம்மா? கொஞ்சம் விட்டிருந்தா போயிருக்கும்" என்றார். அவ்வளவுதான். பக்கெட்டம்மா போட்ட கூச்சல், வேப்பூரில் ஹைவே ஓரம் சாப்பாட்டுக் கடை நடத்துகிற குமாரின் அம்மா காதுக்கே போய்விட்டது. ஒரு கரண்டி சோறு கூடுதலாக விழுந்தாலே முகம் சுளிக்கிற அம்மாள். மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார்.

"ரெண்டு பேருக்கு ஒல வெக்கத் தெரியல, மாட்டக் கொல்லப் பாத்திருக்கா. பொட்டியக் கட்டு. பொறந்த வூட்டுக்குப் போயி அளவு கத்துக்கிட்டு வா!"

மாட்டு வயிறு உப்பியதற்காக ஒரு பெண் வாழாவெட்டியாகப் போவதா! குமார் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். செல்வி அழுதபடியே சொன்னாள்: "அளந்துதான் போடறேன் அத்த. கடைசியா வர்றவங்களுக்குன்னு போடணுமில்ல? அப்புடிப் போடலன்னா வர்றவங்க வராமப் போயிடுவாங்கன்னு எங்கம்மா சொல்லும்."

"யாருடி வர்றாங்க ஒங்கூட்டுக்கு?"

அப்போது, "கொஞ்சம் நில்லுங்க" என்று ஒரு குரல். பக்கெட்டம்மா. விறுவிறுவென்று தன் வீட்டுக் கொல்லைக்குப் போனார். மூடி போட்ட ஒரு பெரிய பக்கெட்டை இழுத்து வந்து நடுவாசலில் வைத்துத் திறந்தார். ஊர் பக்கெட்டையெல்லாம் அலசிய அம்மாளின் பக்கெட்டை அன்றுவரை யாருமே பார்த்ததில்லை. விளிம்பு வரைக்கும் சோறு. ஓரத்தில் சாம்பார், பொரியல் வேறு.

"இது ஒத்த ஆளு வூட்டு பக்கெட்டுங்க. எம்புள்ளைங்க மூணு பேரும் மெட்ராசு, திருப்பூருன்னு போயி எத்தினியோ வருசமாச்சு. கைக்கு இன்னும் தெரிய மாட்டேங்குது. கீழ கொட்ட மனசு வரல. அதுக்குத்தான் மாடே வாங்கினேன். அது படுத்ததுக்கு எஞ்சோறுந்தான் காரணம். இந்தப் பொண்ண அனுப்பாதீங்க."

மாட்டுக்காக பக்கெட் என்று நாங்கள் நினைத்திருந்தோம். பக்கெட்டுக்காக மாடா!

குமாரின் அம்மா பக்கெட்டைப் பார்த்தார், பக்கெட்டம்மாவைப் பார்த்தார். கடை நடத்துகிறவர் இல்லையா, முடிவு சட்டென்று வந்தது. "ரெண்டு வூட்டுல எதுக்குங்க ரெண்டு ஒல? ஒங்க அடுப்ப அணைங்க. நாளையிலேர்ந்து இவ கையால சாப்புடுங்க. அந்தக் கடைசி ரூமு தம்பியும் வரட்டும், ஒட்டிப்போயி இருக்குது. நீ பொட்டிய உள்ள வையிடி."

மறுநாள் மத்தியானம் பக்கெட்டம்மா தட்டை எடுத்துக்கொண்டு செல்வி வீட்டுக்கு வந்தார். எல்லோர் பக்கெட்டிலும் கூசாமல் கைவிட்டவருக்கு, அந்தப் படியேற அவ்வளவு கூச்சம். செல்வி சோறு போடப் போட, வேண்டாம் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து மாடு இளைத்தது, நான் பெருத்தேன்.

ஆனால் காலைச் செய்திகள் நின்றுபோயின. பக்கெட்டம்மா தலையைக் குனிந்துகொண்டு வந்து, கையை விடாமல், ஒரு வார்த்தை பேசாமல் பக்கெட்டுகளை எடுத்துப்போனார். அவர் திட்டுவதைவிட இது எங்களுக்குப் பெரிய அதிர்ச்சி. "அந்தம்மா திட்டாம எனக்குச் சமையலே ஓட மாட்டேங்குது" என்று ரெண்டாவது வீட்டம்மா வந்து முறையிட்டார்.

நான் டீக்கடைக்குப் போய் ஒரு மெதுவடை வாங்கிவந்து, என் பக்கெட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி போட்டு வைத்தேன். காலையில் பக்கெட்டம்மா வந்தார். குனிந்தார். நின்றார். முந்தானையை இழுத்துச் செருகினார்.

"ஏய் கடைசி ரூமு! முழு வடைய முழுசா போட்டு வெச்சிருக்கியே, ஒனக்கு அறிவு இருக்குதா?"

தெருக்கோடி வரைக்கும் கேட்டது. எங்கள் பக்கெட்டம்மா பழையபடி ஆகிவிட்டார் என்று அன்றைக்கு எல்லா வீட்டிலும் சந்தோஷமாக அடுப்பு பற்றவைத்தார்கள்.