ஜீப்பின் மூக்குக்குள் மண்

தன் ஜீப்பின் மூக்குக்குள் இனி ஒரு பொட்டு மண்கூடப் போகக் கூடாது என்று ஜீப்காரர் முடிவெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. வாய் நிறைய நுரை. அதனால் அந்த மகத்தான முடிவை உடனே அறிவிக்க முடியாமல் போயிற்று.

அவர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஃபைல் பார்ப்பவர். எட்டு மாதத்துக்கு முன் மலை ஏறும், ஓடை தாண்டும், சேற்றில் புரளும் பழைய ஜீப் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினார். அன்றிலிருந்து தெருவுக்கே அவர் ஜீப்காரர். ஆனால் வாங்கிய பிறகு அதை மலைப் பக்கம் திருப்பக்கூட மனசு வரவில்லை. கீறல் விழுந்துவிட்டால்? ஞாயிறன்று தார் ரோட்டில் கடைவீதிவரை ஒரு சவாரி. வந்ததும் குளிப்பாட்டி, துவட்டி, உறை போட்டு மூடிவிடுவார். மற்ற நாளெல்லாம் ஆபீஸ் வேன்தான்.

மனைவி மாட்டு டாக்டர். கல்குவாரிக்கு அப்பால் மேட்டில் இருபது முப்பது பண்ணை வீடுகள். அங்கே மாடுகளுக்குக் கோமாரி பரவிக்கொண்டிருந்தது. அவளுடைய ஸ்கூட்டர் பாதி ஏற்றத்திலேயே புழுதியில் புதைந்து நின்றுவிடும்.

"புதன்கிழமை மட்டும் ஜீப்பைக் குடுங்களேன்" என்று ஒருநாள் கேட்டாள்.

"அங்க ஒரே புழுதி. இன்ஜினுக்குள்ள தூசி போயிடும்."

"உங்களுக்குத் தூசி பெருசு. எனக்கு ஊசி பெருசு. எத்தனை மாடு காத்துக்கிட்டு நிக்குது தெரியுமா?"

"மாடு காத்துக்கிட்டு நிக்கும். பிஸ்டன் நிக்காது."

அவள் மறுபடி கேட்கவே இல்லை. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவர் ஜெயித்த முதல் வாதம் அது. சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இரண்டு நாள் நடந்தார்.

அன்று பல் தேய்த்து முடித்ததும் ஜீப்பின் முன்மூடியைத் தூக்கி, ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகளைக் கழற்றினார். உள்ளே மடிப்பு மடிப்பாக இருந்த காகிதத்தில் செக்கச்செவேலென்று மண்.

"அடப்பாவமே! இது ஏர் ஃபில்டரா? ஏர் பூட்டி உழலாம் போலிருக்கே!"

ஃபில்டரை மார்போடு அணைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் ஓடினார். ஸ்பேனர் அண்ணன் என்றால் எல்லோருக்கும் தெரியும். அவன் ஃபில்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஏனோ இருமினான்.

"நிக்கிற வண்டி மூச்சு விடாது சார். இன்ஜின் ஓடினாத்தான் காத்தை இழுக்கும். காத்தோட மண்ணும் வரும்."

"ஓடவே இல்லையேப்பா! டீசல் முள்ளு போன ஞாயித்துக்கிழமை நின்ன இடத்துலயே நிக்குது."

"கிலோமீட்டர்?"

"அது வாங்கின நாள்லருந்தே தூங்குது."

ஸ்பேனர் அண்ணன் இன்னொரு தடவை இருமினான். "அப்போ பெட்டியோட ரப்பர் தேஞ்சிருக்கும். மாத்தி, கிரீஸ் தடவித் தரேன். இடுக்கு வழியா எதுவும் புகாது."

மாற்றினார்கள். அடுத்த ஞாயிறு திறந்தால் மறுபடி செம்மண்.

அதிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தட்டில் சாப்பாடு இருக்கும்போதே எழுந்துபோய் உறையைத் தூக்கிப் பார்ப்பார். ஆபீசிலிருந்து வீட்டுக்குப் போன் போடுவார்.

"அங்க காத்து அடிக்குதா?"

"அடிக்குது."

"எந்தப் பக்கத்துலருந்து?"

"போன்லருந்து. வைங்க, வேலை கிடக்கு."

எதிர்வீட்டுத் தச்சரிடம் சண்டைக்குப் போனார். "உங்க மரத்தூள் எல்லாம் என் ஜீப்புக்குள்ள வருது!"

தச்சர் உளியைக் கீழே வைத்துவிட்டு அந்த மண்ணை விரலில் தொட்டுப் பார்த்தார். "என் மரத்தூள் மஞ்சள் சார். இந்தக் கலர்ல மரம் எங்க கிடைக்குதுன்னு சொல்லுங்க, நானும் ரெண்டு வாங்கிக்கிறேன்."

மூன்றாம் வாரம் ஸ்பேனர் அண்ணனின் யோசனைப்படி, ஜீப்பின் பக்கவாட்டில் கூரை உயரத்துக்கு ஒரு காற்றுக்குழாயை ஏற்றினார். புழுதி கீழேதான் அதிகம், மேலே காற்று சுத்தம் என்பது கணக்கு. மனைவி காபியோடு வந்து நின்று வேடிக்கை பார்த்தாள்.

"குழாய் வாயில ஒரு துணி உறை மாட்டுங்க. லேசா எண்ணெய் தொட்டு விட்டா மண்ணு அதுலயே ஒட்டிக்கும். ஃபில்டர் பிழைச்சுது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மாட்டுக்கும் மூக்குதானே? எல்லா மூக்கும் ஒண்ணுதான்."

உறையை அவளே தைத்தும் கொடுத்தாள், ஒன்றுக்கு இரண்டாக. "ஒண்ணு அழுக்கானா இன்னொண்ணு" என்றாள். மனைவிக்கும் ஜீப்மேல் பாசம் வந்துவிட்டதே என்று அவருக்குக் கண்ணே கலங்கிற்று.

அடுத்த ஞாயிறு ஃபில்டர் பளிச்சென்று இருந்தது. துள்ளிக் குதித்தார். குதித்த உயரத்தில் குழாயின் வாய் கண்ணில் பட்டது. துணி உறை குங்குமத்தில் முக்கி எடுத்தது போல இருந்தது.

யாரோ எடுக்கிறார்கள்! திருடன்தான். டீசலை நிரப்பி, கழுவித் துடைத்து, உறையும் போட்டுவிட்டுப் போகிற திருடன். கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று தீர்மானித்தார். வீட்டில் மூச்சு விடாமல் ஆபீசில் வாரம் முழுக்க லீவு சொன்னார். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் டிபன் டப்பாவோடு கிளம்பி, தெருவைச் சுற்றிப் பின்பக்கமாக வந்து, ஜீப்பின் பின்சீட்டுக்குப் பின்னால் பழைய கம்பளிக்குள் சுருண்டு படுத்தார். ஒரு ஈ காக்கை வரவில்லை.

புதன்கிழமை ஒன்பது மணிக்கு உறை உரிக்கப்படும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. கனமான ஐஸ் பெட்டி ஒன்று அவர் முட்டியின்மேல் உட்கார்ந்தது. அடுத்து மனைவியின் குரல். ராகம் போட்டுக்கொண்டே சாவியைத் திருப்பினாள்.

எழுந்து கத்தியிருப்பார். வாயைத் திறப்பதற்குள் ஜீப் தெருமுனையைத் தாண்டிவிட்டது. தார் ரோடு முடிந்ததும் வாயைத் திறக்கிற நிலைமையே இல்லை. ஒரு பள்ளத்தில் தலை கூரைக்குப் போனது. அடுத்த பள்ளத்தில் ஐஸ் பெட்டி வயிற்றுக்கு வந்தது. பின்பக்க இடுக்கு வழியாகப் புழுதி குபுகுபுவென்று கொட்டியது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அத்தனை ஏற்றத்திலும் இன்ஜின் திணறவே இல்லை. மூச்சு சீராக, கம்பீரமாக ஏறியது. கம்பளிக்குள் அடிபட்டுக்கொண்டே அவர் அதைக் காது கொடுத்துக் கேட்டார். கோபத்துக்கு நடுவிலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ஜீப் நின்றது.

"பின்னாடி இருக்கிற சாமான் தானா இறங்குமா, நான் இறக்கணுமா?" என்றாள் மனைவி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவர் எழுந்தார். தலை, புருவம், மீசை எல்லாம் ஒரே சிவப்பு. மேட்டின் புழுதியில் ஃபில்டருக்குப் போகாமல் தப்பியதெல்லாம் அவருக்குள் போயிருந்தது.

"நீ... நீயா..." என்று ஆரம்பித்துத் தும்மினார்.

"அப்புறம் திட்டுங்க. விடியக்காலையிலருந்து பசு கன்னு போட முடியாமத் துடிக்குது. சட்டையை மடிச்சுக்கிட்டு வாங்க."

தொழுவத்தில் பசு தரையில் கிடந்தது. பண்ணைக்கார அம்மா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழாத குறையாக உட்கார்ந்திருந்தாள். மனைவி தோள்வரை கையை விட்டு, உள்ளே மடங்கியிருந்த காலை நேராக்கி, கயிற்றை மாட்டி இவர் கையில் கொடுத்தாள்.

"நான் சொல்றப்ப இழுங்க. சொல்லாதப்ப சும்மா இருங்க."

இழுத்தார். வழுக்கி விழுந்தார். எழுந்து மறுபடி இழுத்தார். முக்கால் மணி நேரத்தில் ஈரமும் சூடுமாகக் கன்றுக்குட்டி அவர் மடியிலேயே வந்து விழுந்தது. அது மூச்சு விடவில்லை. மனைவி அதன் மூக்கைத் துடைத்து, வைக்கோலை நுழைத்துக் கிளறினாள். ஒரு தும்மல். பிறகு மூச்சு. ஜீப்காரர் தன்னை அறியாமல் கன்றின் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஜீப் வராம இருந்தா ரெண்டும் போயிருக்கும் டாக்டரம்மா" என்றாள் பண்ணைக்கார அம்மா. "இந்தப் புது ஆள் பரவாயில்லை. நல்லா இழுக்கிறாரு."

திரும்பும்போது அவர் முன்சீட்டில், மடியில் குழாயின் அழுக்குத் துணி உறையோடு உட்கார்ந்திருந்தார். ஆனாலும் தோற்றுவிட்டுப் போக முடியுமா? ஒரு தந்திரம் பளிச்சிட்டது.

"சரி. மாட்டுக்காக ஒத்துக்கிறேன்" என்றார் பெருந்தன்மையாக. "ஆனா ஒரு கண்டிஷன். இனிமே நான் கூட இல்லாம இந்த ஜீப் நகரக் கூடாது. எனக்கு ஆபீஸ்ல லீவு கிடைக்கிற புதன்கிழமை தாராளமா எடுத்துக்கலாம். கிடைக்கலைன்னா நான் என்ன பண்றது, சொல்லு?"

மனைவி கியரை மாற்றினாள்.

"உங்க மேனேஜர் வீட்டு நாய்க்கு ஊசி போடுறது நான்தாங்க, இந்த வருஷம் பூரா புதன்கிழமை உங்களுக்கு லீவுன்னு நேத்தே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு."